நிபா வைரஸ் ஆராய்ச்சி: மருந்து ஏன் இன்னும் வரவில்லை, வேலை எங்கே நடக்கிறது?

கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கும் மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "பக்கத்து மாநிலமான கேரளாவில் அடிக்கடி நிபா வருகிறது. வைரஸைக் கண்டுபிடித்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் ஏன் மருந்தோ தடுப்பூசியோ கடைக்கு வரவில்லை? ஆராய்ச்சி எந்தத் திசையில்தான் போகிறது? வௌவால்களை ஒழித்துவிட்டால் பிரச்சினை முடிந்துவிடாதா? என் ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுக்கலாமா?"

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: பழந்தின்னி வௌவால்களிடமிருந்து வந்து மூளையைத் தாக்கும் நிபா கொடியது, ஆனால் அரியது. 1998 முதல் இன்றுவரை உலகம் முழுவதிலும் உறுதிசெய்யப்பட்ட நோயாளிகள் ஆயிரம் பேர்கூட இல்லை. நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 40 முதல் 75 பேர் வரை இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இவ்வளவு அரிதான நோய்க்கு மருந்தைச் சோதித்துப் பார்க்கவே நோயாளிகள் கிடைப்பதில்லை. மருந்து கம்பெனிக்கு அதில் லாபமும் இல்லை. ஆகவே இந்தத் துறையில் இதுவரை உயிர்களைக் காத்த அறிவில் பெரும்பகுதி, வைரஸ் எந்த வழியாக மனிதரிடம் வந்தது என்று பொறுமையாகத் தேடிப் பிடித்தவர்களிடமிருந்து வந்தது. மருந்து ஆராய்ச்சி இப்போதுதான் வேகம் பிடிக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் போக்கு புரியும்.

மலேசியாவிலிருந்து தொடங்குகிறேன். 1998 செப்டம்பர் வாக்கில் பேராக் மாநிலத்தில், ஈப்போ நகரத்தை ஒட்டிய பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சலும் மூளை வீக்கமும் வரத் தொடங்கின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்தார்கள். அந்த நோயும் பன்றியிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வருவதுதான் என்பதால் அன்றைய நிலையில் அது நியாயமான சந்தேகம். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவில்லை. பன்றிகள் தெற்கே நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கு விற்பனையாகிப் போயின. நோயும் கூடவே போனது.

பொருந்தாத விஷயங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே படுத்தவர்கள் வளர்ந்த ஆண்கள். கொசு யாரையும் கடிக்கும். இங்கே பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களுக்கு மட்டும் நோய் வந்தது, பன்றிப் பக்கமே போகாத அண்டை வீட்டு முஸ்லிம்கள் தப்பினார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளே தூரத்துக்குக் கேட்கும்படி இருமி இருமிச் செத்தன.

அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் வைரஸியல் பயிற்சியில் இருந்தவர் சுவா காவ் பிங். 1999 மார்ச்சில், சுங்கை நிபா என்ற ஊரைச் சேர்ந்த நோயாளி ஒருவரின் தண்டுவட நீரைச் செல் வளர்ப்பில் இட்டுப் பார்த்தார். சில நாளில் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட பெரிய திட்டுகளாக மாறின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அப்படிச் செய்கிற வகை இல்லை. தெரிந்த வைரஸ்களுக்கான சோதனைகள் எதுவும் பொருந்தவில்லை. மாதிரிகளை எடுத்துக்கொண்டு விமானம் ஏறி அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போனார். அங்கே, ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வகத்தின் எலக்ட்ரான் நுண்ணோக்கியில், பாராமிக்ஸோ குடும்பத்துக்கே உரிய வடிவம் தெரிந்தது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி எல்லாம் இந்தக் குடும்பம்தான். கொசு பரப்புகிற குடும்பம் இல்லை. உடனே ஊருக்குத் தொலைபேசியில் தகவல் போனது: கொசுவை விட்டுவிட்டுப் பன்றியைக் கவனியுங்கள் என்று. ராணுவம் இறங்கியது, சுமார் 11 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. தொற்று நின்றது. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் வந்து ஒருவர் இறந்தார்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த ஒரு வாரத்தில் நிபாவுக்கு மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. நோயின் வழி தெரிந்தது, அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது. தவறான வைரஸை நினைத்துக்கொண்டு கழித்த மாதங்களில்தான் சாவு ஏறிக்கொண்டே போனது.

அடுத்த கேள்வி, பன்றிக்கு எங்கிருந்து வந்தது? இதற்கு ஆஸ்திரேலியா ஏற்கெனவே துப்பு கொடுத்திருந்தது. 1994ல் பிரிஸ்பேன் நகரத்தின் ஹெண்ட்ரா பகுதியில் பந்தயக் குதிரைகளையும் அவற்றின் பயிற்சியாளரையும் கொன்ற வைரஸ், நிபாவுக்கு நெருங்கிய உறவு. அது பழந்தின்னி வௌவால்களிடம் இருப்பது தெரிந்திருந்தது. எனவே மலேசியாவிலும் வௌவால்களைத் தேடிப் போனார்கள். சுவாவின் குழு தியோமான் தீவில், வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, அதில் விழுந்த சிறுநீர்த் துளிகளைச் சேகரித்தது. அந்தச் சிறுநீரிலிருந்தும், வௌவால் கடித்துப் போட்ட பழத்திலிருந்தும் உயிருள்ள நிபா வைரஸ் கிடைத்தது. ஒரு வௌவாலைக்கூடப் பிடிக்காமல் செய்த வேலை இது. பின்னால் பல நாடுகளில் இதே முறையைப் பின்பற்றினார்கள்.

நோய் ஏன் அந்த ஆண்டு, அந்த ஊரில் கிளம்பியது என்பதற்கு ஆரம்பத்தில் சொல்லப்பட்ட காரணம், 1997ன் காட்டுத்தீப் புகை வௌவால்களை விரட்டியது என்பது. கேட்க நன்றாக இருந்தது. 2012ல் வெளியான ஆய்வு ஒன்று பண்ணையின் கணக்குப் புத்தகங்களையும் மருத்துவமனைப் பதிவுகளையும் துருவிப் பார்த்து வேறு விடை சொன்னது. நோய் தொடங்கிய பண்ணையில் 30,000க்கு மேல் பன்றிகள். கொட்டகையை ஒட்டியே மாமரங்கள். வௌவால் கடித்த மாம்பழம் பன்றித் தொட்டிக்குள் விழும் வசதி. ஒருமுறை வைரஸ் உள்ளே வந்து, பரவி, ஓய்ந்தது. மறுமுறை வந்தபோது பண்ணையில் ஒரு பகுதிப் பன்றிகளுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது, புதிதாகப் பிறந்த குட்டிகளுக்கு இல்லை. அந்தக் கலவைதான் வைரஸைப் பண்ணைக்குள் நீண்ட நாள் தங்க வைத்தது. வைரஸ் ஆராய்ச்சி என்றால் குழாயும் நுண்ணோக்கியும்தான் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஆய்வைத்தான் நான் முதலில் சொல்வேன். பன்றி விற்ற ரசீதுகூட இங்கே சான்று.

இனி வங்கதேசம். நிபா ஆராய்ச்சியின் மிகச் செழிப்பான பகுதி இது என்பது என் கருத்து. அங்கே 2001 முதல் ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலத்திலும் நோய் வந்தது. பன்றி இல்லை, பெரிய பண்ணை இல்லை. டாக்காவில் இருக்கும் சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையமும் அரசு நிறுவனங்களும் ஊர் ஊராகப் போய், நோய் வந்தவர்களிடமும் வராதவர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டன: மரம் ஏறினாயா, வௌவால் கடித்த பழம் தின்றாயா, எந்த விலங்கைத் தொட்டாய், என்ன குடித்தாய்? 2004-05 குளிர்காலத்தில் தங்காயில் மாவட்டத்தில் நோய் பரவியபோது விடை கிடைத்தது. நோய் வந்தவர்கள் பச்சை ஈச்சஞ்சாறு குடித்திருந்தார்கள்.

நம் ஊர்ப் பதநீர் மாதிரிதான் அதுவும், மரம் மட்டும் ஈச்சை. குளிர்கால மாலையில் மரத்தின் உச்சியில் பட்டையைச் சீவி, கீழே ஒரு குழலைச் செருகி, மண் கலயத்தைக் கட்டி விடுவார்கள். இரவு முழுக்கச் சாறு சொட்டும். விடியும் முன் இறக்கி, வெயில் ஏறிப் புளிப்பதற்குள் ஊரில் விற்று, பச்சையாகவே குடிப்பார்கள். ஆய்வாளர்கள் அந்த மரங்களில் அகச்சிவப்புக் கேமராக்களைக் கட்டினார்கள். இரவுப் பதிவுகளில் வௌவால்கள் வந்து, சீவிய பட்டையில் வழிந்த சாற்றை நக்குவது தெளிவாகத் தெரிந்தது. சில வௌவால்கள் அங்கேயே சிறுநீரும் கழித்துவிட்டுப் போயின. மக்கள் காலையில் குடித்தது அந்தக் கலயத்தில் இருந்ததைத்தான்.

தடுக்கும் வழியையும் அங்கிருந்தே எடுத்தார்கள். சாறு இறக்குபவர்களில் சிலர், வௌவாலும் பறவையும் அசுத்தம் செய்வதைத் தடுக்க மூங்கில் தட்டி ஒன்றைச் சீவிய இடத்தையும் கலயத்தையும் சேர்த்துச் சுற்றிக் கட்டுவது ஏற்கெனவே உண்டு. அதற்குப் பெயர் பானா. கேமரா வைத்துச் சோதித்தபோது, பானா கட்டிய மரத்தில் வௌவால் சாற்றைத் தொட முடியவில்லை. அப்புறம் வந்தது சொல்லும் முறை பற்றிய ஆய்வு: "பச்சைச் சாறு குடிக்காதே" என்று சொன்னால் கேட்பார்களா, "மூடிய மரத்துச் சாற்றை மட்டும் குடி" என்று சொன்னால் கேட்பார்களா என்று தனித்தனிப் பகுதிகளில் சோதித்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் குடித்து வரும் ஒன்றை அடியோடு விடு என்று சொல்வது சுலபமில்லை என்பதை ஆராய்ச்சியே ஒப்புக்கொண்ட இடம் இது.

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதைப் பற்றிய தெளிவும் வங்கதேசத் தரவிலிருந்துதான் வந்தது. 14 ஆண்டுத் தரவைத் தொகுத்து 2019ல் வெளியிட்டார்கள். 248 நோயாளிகளில் 82 பேருக்கு இன்னொரு நோயாளியிடமிருந்து தொற்று. சராசரியாக ஒரு நோயாளி பரப்பியது 0.33 பேருக்கு. ஒன்றுக்குக் கீழே இருப்பதால் சங்கிலி தானாக அறுந்துபோகும். ஆனால் சராசரி ஏமாற்றும். பெரும்பாலானவர்கள் யாருக்கும் பரப்புவதில்லை. மூச்சுத் திணறலோடு இருமுகிற ஒரு சிலர் பலருக்குப் பரப்புகிறார்கள். மலேசியாவில் பரவிய வகையும் வங்கதேசத்தில் பரவும் வகையும் மரபணு அளவில் கொஞ்சம் வேறு. வங்கதேச வகையில் நுரையீரல் பாதிப்பு அதிகம், மரணமும் அதிகம்.

கேரளாவுக்கு வந்திருப்பது இந்த வங்கதேச வகையை ஒத்ததுதான். 2018 மே மாதம், கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவை ஒட்டிய ஊரில் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து ஆட்கள் விழுந்தார்கள். இரண்டாவது நோயாளியைப் பார்த்த மருத்துவர்களுக்குச் சந்தேகம் வந்தது. மணிபால் வைரஸ் ஆய்வு மையத்துக்கு மாதிரி போனது. புனே தேசிய வைரஸியல் நிறுவனம் உறுதிசெய்தது. மலேசியாவில் மாதக்கணக்கில் ஆனது இங்கே சில நாட்களில் முடிந்தது. ஆனாலும் ஆய்வகத்தில் உறுதியான 18 பேரில் 16 பேர் இறந்தார்கள். பரிசோதனைக்கு முன்பே இறந்தவர்களையும் சேர்த்தால் 23 நோயாளிகளில் 21 மரணம். நோயாளியைக் கவனித்த இளம் செவிலியர் ஒருவரும் போனார். பிறகு தொடர்பு வரிசையை வரைந்து பார்த்தபோது, முதல் நோயாளியைத் தவிர மற்ற எல்லாருக்கும் மருத்துவமனைச் சூழலில்தான் தொற்று என்று தெரிந்தது. ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த வராந்தாவில் அருகே நின்றவர்கள்கூட அதில் உண்டு.

முதல் நோயாளிக்கு எப்படி வந்தது? அந்த வீட்டுக் கிணற்றிலிருந்த வௌவால்களைச் சோதித்தார்கள்; அவை பூச்சி தின்னும் வகை, வைரஸ் இல்லை. பிறகு அந்தப் பகுதிப் பழந்தின்னி வௌவால்களில் வைரஸ் கிடைத்தது, மரபணுவும் நோயாளிகளுடையதோடு கிட்டத்தட்ட முழுதாகப் பொருந்தியது. ஆனால் வௌவாலுக்கும் அந்த இளைஞருக்கும் நடுவில் இருந்தது எது என்பதற்கு விடை இல்லை. கேரளாவில் ஈச்சஞ்சாறு குடிக்கும் வழக்கம் கிடையாது. 2021ல் கோழிக்கோட்டில் 12 வயதுச் சிறுவன் இறந்தபோது ரம்புட்டான் பழத்தின் மேல் சந்தேகம் விழுந்தது, உறுதியாகவில்லை. 2019ல் எர்ணாகுளம், 2023ல் மறுபடி கோழிக்கோடு, 2024ல் மலப்புரத்தில் இருமுறை, 2025ல் மலப்புரம், பாலக்காடு என்று தொடர்கிறது. பெரும்பாலும் ஓரிருவரோடு நின்றுவிடுவது கேரள சுகாதாரத் துறையின் விழிப்புக்குச் சான்று. வங்கதேசத்துக்குக் கலயம் கிடைத்தது போல கேரளாவுக்கு ஒரு பொருள் கிடைக்கவில்லை என்பதுதான் இன்றைய இந்திய நிபா ஆராய்ச்சியின் மிகப் பெரிய ஓட்டை. மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆய்வகப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிபா ஒற்றை இழை ஆர்.என்.ஏ. வைரஸ்; ஆறே மரபணுக்கள். அதன் மேற்பரப்பில் இரண்டு புரதங்கள் முக்கியம்: ஜி புரதம் செல்லின் மேல் ஒட்டிக்கொள்ளும், எஃப் புரதம் வைரஸின் உறையைச் செல்லின் உறையோடு இணைக்கும். 2005ல் ஜி புரதம் எதில் ஒட்டுகிறது என்று இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன: செல்லின் மேல் இருக்கும் எஃப்ரின்-பி2 என்ற புரதம். அதுதான் வைரஸுக்கான ஏற்பி. இது ரத்தக் குழாய்களின் உள்சுவரிலும் நரம்பு செல்களிலும் நிறைய இருக்கிறது. நோய் ஏன் ரத்தக் குழாயையும் மூளையையும் குறிவைக்கிறது என்பது அந்த ஒரே கண்டுபிடிப்பில் விளங்கியது. பாலூட்டிகளிடையே இந்த ஏற்பி பெரிதாக மாறாமல் இருப்பதால்தான் வௌவால், பன்றி, குதிரை, பூனை, மனிதன் என்று இந்த வைரஸ் இவ்வளவு இனங்களுக்குள் நுழைகிறது. பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்துக்கூட மூளை வீக்கம் திரும்பி வருகிறது. வைரஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது.

சரி, வௌவாலை ஒழித்தால் என்ன? இந்தக் கேள்வி ஒவ்வொரு முறை நோய் வரும்போதும் எழுகிறது, ஆலமரங்களை வெட்டச் சொல்லி மனுக்கூடப் போகிறது. ஆராய்ச்சி இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது. உகாண்டாவில் கிடாகா சுரங்கத்தில், எபோலாவுக்கு உறவான மார்பர்க் வைரஸ் பயத்தால் ஆயிரக்கணக்கான வௌவால்களை அழித்தார்கள். சில ஆண்டில் புதிய வௌவால்கள் வந்து குடியேறின. முன்பு நூற்றுக்கு 5.1 ஆக இருந்த தொற்று அந்தப் புதிய கூட்டத்தில் 13.3 ஆகியிருந்தது. எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த வயதான வௌவால்களை அழித்துவிட்டு, தொற்றாத இளம் வௌவால்களுக்கு இடம் விட்டதன் விளைவு என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 2012ல் அருகிலேயே மார்பர்க் நோய் பரவியது.

ஆஸ்திரேலியாவின் ஹெண்ட்ரா ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2022ல் பெகி ஈபி, ரெய்னா பிளோரைட் ஆகியோரின் குழு 25 ஆண்டுத் தரவை வெளியிட்டது. குளிர்காலத்தில் பூக்கும் காடுகள் அழிந்துபோனதால் வௌவால்கள் சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து, ஊரோரத் தோட்டங்களிலும் குதிரை மேய்ச்சல் நிலங்களிலும் தங்கத் தொடங்கின. எல் நினோவுக்குப் பிறகு உணவுப் பஞ்சம் வரும் ஆண்டுகளில் வைரஸ் குதிரைக்குத் தாவுவது கூடியது. மிச்சமிருக்கும் காடு ஏதாவது ஒரு குளிர்காலத்தில் நன்றாகப் பூத்தால் வௌவால்கள் அங்கே திரும்பிப் போயின. அந்தக் காலத்தில் ஒரு தாவல்கூட இல்லை. எந்த மரம் எப்போது பூத்தது என்ற தகவலின் ஒரு பகுதி தேனீ வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பெற்றது. தொற்றியல், தாவரவியல், வானிலை மூன்றும் ஒரே வரைபடத்தில் வந்து உட்காருவதுதான் இந்தத் துறையின் புதிய போக்கு. அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த வைரஸ்களைச் சுமந்தும் வௌவால் ஏன் சாவதில்லை என்பதும் தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்துவிட்டது. சிங்கப்பூரில் லின்ஃபா வாங் குழுவும் மற்றவர்களும் காட்டியது: வௌவாலின் உடல் வைரஸை அடக்கி வைத்துக்கொள்கிறது, ஆனால் நம் உடலைப் போல அளவுக்கு மீறி வீக்கத்தைக் கிளப்புவதில்லை. நிபாவில் மனிதரைக் கொல்வதில் வைரஸுக்கு எவ்வளவு பங்கோ, நம் உடலின் கொந்தளிப்புக்கும் ஓரளவு பங்கு உண்டு. இதை மருந்தாக மாற்றும் நாள் தூரத்தில் இருந்தாலும் திசை சரியானது.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், தேசிய வைரஸியல் நிறுவனம் நாடு முழுக்க நடத்திய வௌவால் ஆய்வில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும்கூட நிபா எதிர்ப்பான்களின் (வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்களின்) தடயம் கிடைத்திருக்கிறது. மனித நோய் இங்கே பதிவானதில்லை. வௌவாலுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்கள் நம்மிடம் உண்டு. இலுப்பை மரத்தின் மகரந்தச் சேர்க்கைக்குப் பழந்தின்னி வௌவால் வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் தலைமுறைகளாக வௌவால் மரத்தடியில் வாழ்கிறார்கள். அவர்களைப் பயமுறுத்தாமல், கடித்த பழத்தைத் தின்னாதீர்கள், விழுந்து கிடக்கும் வௌவாலைக் கையால் தொடாதீர்கள் என்ற இரண்டைச் சொன்னால் போதும்.

மருந்துக்கு வருவோம். மலேசியாவில் 1999ல் ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்ற 140 பேரில் 32 விழுக்காடும், பெறாத 54 பேரில் 54 விழுக்காடும் இறந்தனர். மேலோட்டமாகப் பார்த்தால் வெற்றி. ஆனால் மருந்து பெறாதவர்கள், மருந்து வருவதற்கு முன்பே வந்த நோயாளிகளும் மறுத்தவர்களும்தான். சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்ட குழு இல்லை. பின்னால் வந்தவர்களுக்குக் கவனிப்பே மேம்பட்டிருக்கலாம். பிறகு விலங்குகளில் சோதித்தபோது பலன் உறுதியாகவில்லை. நிபாவுக்கு மருந்து ஏன் இல்லை என்ற உங்கள் கேள்விக்கு விடை இந்த ஒரு ஆய்விலேயே இருக்கிறது: நோய் வந்து கொத்தாகக் கொன்றுவிட்டுப் போய்விடும், முறையான சோதனையை அமைக்க அவகாசமே இருக்காது.

இப்போது நம்பிக்கை தருபவை இரண்டு. ஒன்று ரெம்டெசிவிர்: 2019ல் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகளில் உயிர் காத்தது; கேரளாவில் நோயாளிகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். இன்னொன்று எம்102.4 என்ற எதிர்ப்பான். ஜி புரதத்தைப் பிடித்துக்கொண்டு வைரஸை ஒட்டவிடாமல் செய்வது. ஆஸ்திரேலியாவில் ஹெண்ட்ரா தொற்றிய குதிரையோடு பழகியவர்களுக்குக் கருணை அடிப்படையில், அதாவது அனுமதி பெறும் முன்பே, கொடுத்திருக்கிறார்கள். ஆரோக்கியமான 40 பேரிடம் முதல் கட்டச் சோதனை முடிந்து 2020ல் வெளியானது. 2018ல் குயின்ஸ்லாந்திலிருந்து கேரளாவுக்கு இது அனுப்பப்பட்டது. வந்து சேர்ந்தபோது நோய் அடங்கிக்கொண்டிருந்தது. நோய் முற்றிய பிறகு கொடுத்தால் பலன் குறைவு என்பதால், தொடர்பிலிருந்தவர்களுக்கு முன்கூட்டியே கொடுப்பதுதான் இதன் சரியான இடம். அதற்கு மருந்து முன்பே இந்தியாவில் இருப்பில் இருக்க வேண்டும். எஃப் புரதத்தைக் குறிவைக்கும் புதிய எதிர்ப்பான்களும் சோதனைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

தடுப்பூசியில் திருப்புமுனை 2017. எபோலா ஆப்பிரிக்காவில் ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு, சந்தை இல்லாத நோய்களுக்குத் தடுப்பூசி செய்யவே 'செப்பி' என்ற கூட்டமைப்பு உருவானது. அதன் முதல் பட்டியலிலேயே நிபா இருந்தது. குதிரைகளுக்கான ஹெண்ட்ரா தடுப்பூசி 2012லேயே ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்துவிட்டது. அதே ஜி புரதத்தை அடிப்படையாகக் கொண்ட தடுப்பூசி மனிதரில் முதலில் சோதிக்கப்பட்டது. 2022ல் மாடர்னாவின் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியும், 2024 ஜனவரியில் ஆக்ஸ்போர்டின் தடுப்பூசியும் முதல் கட்டத்துக்கு வந்தன. ஆக்ஸ்போர்டு தடுப்பூசியின் தொழில்நுட்பம் நாம் கோவிஷீல்டாகப் போட்டுக்கொண்டதேதான். 2025 இறுதியில் அது வங்கதேசத்தில் இரண்டாம் கட்டத்துக்குப் போயிருக்கிறது.

இதற்கு மேல் ஒரு மலை நிற்கிறது. மூன்றாம் கட்டச் சோதனையில் தடுப்பூசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட, போதுமான பேருக்கு நோய் வர வேண்டும். ஆண்டுக்குச் சில பேருக்கு மட்டும் வருகிற நோய்க்கு அப்படி ஒரு சோதனை நடத்தவே முடியாது. ஆகவே, குரங்கையும் ஃபெர்ரெட் என்ற சிறு விலங்கையும் காத்த எதிர்ப்பான் அளவு மனித ரத்தத்திலும் வருகிறதா என்று பார்த்து அனுமதி கொடுக்கும் முறையைப் பற்றி இப்போது தீவிரமாகப் பேசுகிறார்கள். அந்த அளவைத் தீர்மானிப்பதில்தான் அடுத்த சில ஆண்டு வேலை இருக்கிறது.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நோய் வந்தால் நிதி வரும், போனால் வற்றும். அமெரிக்கா 2020ல் தொடங்கிய புதிதாய் எழும் நோய்களுக்கான ஆய்வு மைய வலையமைப்பை 2025ல் நிறுத்திவிட்டது. பத்து ஆண்டு வௌவாலைப் பின்தொடர்ந்தால்தான் தெரியும் உண்மைகளை மூன்று ஆண்டுத் திட்டத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஆஸ்திரேலியத் தரவு நிரூபித்தது இதைத்தான். இங்கே கேரளா கோழிக்கோட்டில் நிபாவுக்கென்றே ஓர் ஒருங்கிணைந்த ஆய்வு மையத்தை 2023ல் தொடங்கியது. நோய் இல்லாத மாதங்களிலும் வௌவால்களைக் கண்காணிக்கும் அந்த வேலை எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது.

தலைப்பை எடுக்கலாமா என்றால், தாராளமாக எடுக்கலாம். உயிருள்ள நிபாவைக் கையாள, மிக உயர்ந்ததான நான்காம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும், இந்தியாவில் அது புனே போன்ற ஓரிரு இடங்களில்தான் உண்டு. ஆனால் ஜி, எஃப் புரதங்களை மட்டும் தாங்கிய, பெருக முடியாத போலி வைரஸை வைத்து இரண்டாம் நிலை ஆய்வகத்திலேயே எதிர்ப்பான் சோதனைகள் செய்யலாம்; நல்ல வழிகாட்டி கிடைத்தால் முதுகலை அளவிலேயே முடியும். கணினியில் ஆர்வம் இருந்தால், வெளியிடப்பட்ட கேரள, வங்கதேச மரபணு வரிசைகளை ஒப்பிடலாம்.

களத்தில் ஆர்வம் இருந்தால் என் யோசனை வேறு. கோவை, பொள்ளாச்சி, வாளையாறு பக்கத்தில் பழந்தின்னி வௌவால்கள் தங்கும் மரங்கள் எத்தனை, மாதாமாதம் எண்ணிக்கை எப்படி மாறுகிறது, அந்த மாதத்தில் சுற்றுவட்டாரத்தில் என்ன பழுக்கிறது, என்ன பூக்கிறது, மரத்தடியில் கிணறோ மாட்டுத் தொட்டியோ இருக்கிறதா என்று ஒரு வருடம் குறித்துப் பாருங்கள். வௌவாலைத் தொட வேண்டாம், பிடிக்க வேண்டாம். மாலையில் அவை கிளம்பும் நேரத்தில் தள்ளி நின்று எண்ணினால் போதும். வனத்துறையிடம் முதலில் எழுதி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், கல்லூரி வழியாகக் கேட்டால் தாமதமாகாது.